அசதி ஒழுகிய ஜீப்

வாகைக்கோம்பை மந்தைத் திடலில் இரண்டு வருஷம் நின்று ஒழுகிய ஜீப்பைப் பற்றி விசாரித்தால், அந்த ஊர்க்காரர்கள் யாரும் கண்ணை அகல விரித்துக் கதை சொல்ல மாட்டார்கள். அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்தது, அவரைக்காய் விலையில்லாமல் சீப்பட்டது, பெத்தணன் ஜீப்பில் அசதி ஒழுகியது என்று மூன்றையும் ஒரே குரலில் சொல்லிவிட்டு வெற்றிலைக் காம்பைக் கிள்ளப் போய்விடுவார்கள். அதிசயம் என்று வாயைப் பிளந்து நிற்பதற்கும் மனுஷனுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும். அந்த ஊரில் அது யாரிடமும் இருந்ததில்லை.

ஜீப் பெத்தணனைவிட மூன்று வயது மூத்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அந்தக் காலத்து வண்டி, எட்டுப் பேர் உட்காரலாம் என்று தாளில் எழுதியிருந்தது, ஆனால் தாளுக்கும் மலைக்கும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பதினெட்டுப் பெண்களையும் அவர்களுடைய பதினெட்டுத் தூக்குவாளிகளையும் திணித்துக்கொண்டு இருபத்து நாலு வளைவு ஏறி மேல்மலை ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடும், சாயங்காலம் காய் எடுத்து ஓய்ந்த அதே பதினெட்டுப் பேரையும் அள்ளிப்போட்டுக்கொண்டு இருபத்து நாலு வளைவு இறங்கும். அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்தி பெத்தணனின் பெண்டாட்டி வேலுத்தாய்.

அந்த வருஷம் ஆடிச் சாரலில், இறங்கி வரும்போது, ஏழாவது வளைவில் பாதைக்கு நடுவே உருண்டு கிடந்த கல் ஒன்று வண்டிக்கு அடியில் டொங்கென்று மோதியது. எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்கி நிற்கிற இரும்புத் தொட்டியை டிரைவர்கள் சேம்பர் என்பார்கள், அந்தச் சேம்பரின் விளிம்பு நெளிந்து, விளிம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்த பேக்கிங் கிழிந்து, ஆயில் கொடகொடவென்று கொட்ட ஆரம்பித்தது. பெண்கள் இறங்கித் தூக்குவாளிகளைக் கவிழ்த்து மிச்சச் சோற்றைக் காக்காய்க்குப் போட்டுவிட்டு வாளிகளில் ஆயிலைப் பிடித்தார்கள், ஆளுக்கொரு கல்லாகக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கினார்கள், பெத்தணன் மல்லாக்கப் படுத்து போல்ட்டுகளைக் கழற்றி, சேம்பரை வெளியே இழுத்து, நெளிந்த விளிம்பைப் பாறைமேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினான். எல்லாம் ஆயிற்று, பேக்கிங்குக்கு என்ன செய்வது? மலையில் அதற்குக் கடையா இருக்கிறது? பெண்கள் காட்டில் தலையில் கட்டுகிற துண்டு இருக்கிறதே, வேர்வையிலும் ஏலச்செடிப் பிசுக்கிலும் ஊறி அட்டை கணக்காக விறைத்துப்போன துண்டு, அதில் ஆளுக்கு ஒரு முழம் கிழித்துக் கொடுத்தார்கள். பதினெட்டுத் துணியையும் மேலுக்கு மேல் வைத்து, சோப்பைக் குழைத்து அப்பி, வைத்து முறுக்கி, வாளி ஆயிலைத் திரும்ப ஊற்றினான். பொழுது சாய்வதற்குள் ஊர் வந்து சேர்ந்தார்கள். ஒரு மாசம் எல்லார் சோற்றிலும் ஆயில் வாடை அடித்தது.

மறுநாளிலிருந்து வண்டி சொட்ட ஆரம்பித்தது. தட்டுக்கெட்ட பேக்கிங் சொட்டத்தானே செய்யும் என்று பெத்தணன் தினமும் குச்சியை உருவி ஆயில் மட்டம் பார்த்தான். மட்டம் ஒரு நூல்கூட இறங்கவில்லை. அடியில் கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாகச் சொட்டிக்கொண்டே இருந்தது, உள்ளே குறையவே இல்லை. மூன்று மாசம் பார்த்துவிட்டு, அடிவாரத்து டவுனிலிருந்து மெக்கானிக் சவரிமுத்துவைக் கூட்டிவந்தான்.

சவரிமுத்து வண்டிக்கு அடியில் புகுந்து, சொட்டிலே விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்து, மோந்து பார்த்து, "இது ஆயில் இல்லப்பா" என்று சொன்னவர் அப்படியே தூங்கிப்போனார். கூப்பிட்டுப் பார்த்தார்கள், காலைப் பிடித்து இழுத்துச் சாக்கில் போட்டார்கள், வாயில் ஈ போனதுகூடத் தெரியாமல் மறுநாள் மத்தியானம்வரை தூங்கினார். எழுந்து டீ குடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"எங்கம்மா முப்பது வருஷம் மலைக்குப் போய் வந்தவ, இந்த வாடை எனக்குத் தெரியும். இது பொம்பளைக அசதி. சீட்டு வழியா எறங்கி, எஞ்சின் சூட்டுல எளகி, நீ வச்சுருக்கயே துணி, அது வழியா ஒழுகுது. ஆயிலுக்கு ஒண்ணும் ஆகலை, வண்டிய ஓட்டு" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

பிறகு ஊர் அதற்குத் தோதாகத் தன்னை மாற்றிக்கொண்டது. மந்தையில் ஜீப் நிற்கிற இடத்தைச் சுற்றி ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டார்கள், ஏனென்றால் அங்கே மேய்ந்த கோழிகள் நின்ற வாக்கில் உறங்கி நாய்க்கு இரையாகின, பிறகு நாயும் உறங்கியது. ரேஷன் கடையில் எடை போடுகிற சீலமுத்து, பெண்டாட்டி செத்ததிலிருந்து கண்ணைச் சேர்த்து மூடாதவர், ஒரு பஞ்சில் ஒரு சொட்டுத் தொட்டுக்கொண்டு போய் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு ஏழு மணி நேரம் தூங்கினார், எழுந்து உட்கார்ந்து அழுதார், அழுத கையோடு அரிசி போட வந்தார். பால்குடி மறக்காத பிள்ளைகளுக்குக் காதுக்குப் பின்னால் மை வைக்கிற இடத்தில் தீக்குச்சி முனையளவு வைத்தார்கள். முட்டித் தள்ளுகிற காளையை இரண்டு நாள் கோட்டுக்குள் கட்டினார்கள். பங்காளிச் சண்டையில் அரிவாள் எடுத்துக்கொண்டு வந்த அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் பெத்தணனை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்கள், கால் மணி நேரத்தில் இரண்டு பேரும் ஒரே வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டு, வரப்பு எங்கே போனால் என்ன என்று கொட்டாவி விட்டார்கள். பரீட்சை நாட்களில் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஜீப் வரக்கூடாது என்று மட்டும் ஒரு கட்டுப்பாடு இருந்தது.

பாதையும் மாறியது. ஏழாவது வளைவில் கியர் மாற்றுவதற்காக வண்டி ஒரு மூச்சு நிதானிக்கும், அங்கேதான் சொட்டு அதிகம். அங்கே புல் எழுந்து நிற்பதை விட்டது, பிறகு உண்ணிச்செடி படுத்தது, கடைசியில் பாதையே ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. தார் போட வந்த ஆட்கள் மூன்று நாள் உறங்கிவிட்டு, பாதை இளைப்பாறுகிறது, பிறகு வருகிறோம் என்று திரும்பிப் போனார்கள்.

பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. வண்டியை விட்டு இறங்கும்போது அவர்களுக்கு அசதி இல்லை. பொழுது கிடந்தது, உடம்பு கிடந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று முதலில் தெரியவில்லை. பிறகு கூரை மாற்றினார்கள், பல வருஷமாகப் பாதியில் நின்ற சண்டைகளைப் போட்டு முடித்தார்கள், பவுனு என்கிறவள் நாற்பத்தொரு வயதில் சைக்கிள் பழகி மந்தையை மூன்று சுற்றுச் சுற்றிச் சாணிக்குழியில் விழுந்தாள். விழுந்தவளைத் தூக்கப் போனவர்களும் சிரித்துச் சிரித்து உள்ளே விழுந்தார்கள்.

வேலுத்தாய் பேசினாள்.

பெத்தணனுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். ஒரே மகள் டவுன் விடுதியில் படித்தாள், வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அத்தனை வருஷத்தில் அவன் பெண்டாட்டி வாயிலிருந்து கேட்ட வார்த்தைகளை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம்: உப்பு போதுமா, விளக்கை அணை, நாளைக்குச் சீக்கிரம் எழுப்பு. மலையிலிருந்து வருவாள், உலை வைப்பாள், போடுவாள், தின்பாள், பாயில் விழுந்தால் விழுந்த இடம்தான். அவள் ஊமைக் குணம் என்று அவன் நினைத்திருந்தான், தன் கூட்டாளிகளிடம் அதைப் பெருமையாகக்கூடச் சொல்லியிருந்தான். இப்போது அடுப்புக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "எனக்குக் கத்தரிக்கா புடிக்காது மாமா, பதினோரு வருசமா ஒனக்காகத் தின்னேன்" என்றாள். கல்யாணத்தன்றைக்கு அவன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததையும், தாலி கட்டுகிற நேரத்தில் அதை அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட அவளுக்குக் கை பரபரத்ததையும் சொன்னாள். தோட்டத்துக் கங்காணி தவசி வயிற்றை முன்னால் விட்டுப் பின்னால் நடந்து வருகிற நடையை நடந்து காட்டினாள். அவள் சிரிக்கும்போது இடது கன்னம் மட்டும் குழியும், பதினொரு வருஷமாகப் பார்க்காத குழி. பெத்தணன் தன் சொந்தப் பெண்டாட்டி மேலேயே பைத்தியமானான். சாயங்காலம் வண்டி இறங்கும்போது இன்றைக்கு என்ன சொல்லப் போகிறாளோ என்று அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

பொறுக்குமா? தவசிக்குப் பொறுக்கவில்லை. மற்ற ஜீப்புகளில் வருகிற பெண்கள் காலையிலேயே கண் வீங்கி இறங்கும்போது, இந்தப் பதினெட்டுப் பேர் மட்டும் குளித்த முகமாக இறங்குவதைப் பார்த்தான். வேலை முடிந்தது என்று நாலு மணிக்கு ஊதுகிற விசிலை நாலரைக்கு ஊதினான், ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. ஐந்துக்கு ஊதினான். ஆளுக்கு ஒரு கூடை இருந்ததை ஒன்றரைக் கூடை ஆக்கினான். பிறகு எவனோ விஷயத்தைச் சொல்லிவிட, தவசி ஜீப்பை மலையிலேயே நிறுத்தச் சொன்னான்.

"பெத்தணா, நீ ஏன் வெறுவண்டியா எறங்கி ஏறுற? இங்கிட்டே நில்லு, ஒனக்குச் சோறு தோட்டத்துல. மத்தியானம் சாப்ட்டதும் பொம்பளைக அரைமணி நேரம் வண்டில உக்காரட்டும், எஞ்சின ஓட விடு. வடிஞ்சிரும்ல?"

வடிந்தது. எஞ்சினுக்கு அடியில் ஒரு தகர டப்பாவை வைத்து, ஓடுகிற வண்டியில் பதினெட்டுப் பேரையும் நெருக்கி உட்காரவைத்து வடித்தார்கள், டப்பாவைப் பள்ளத்தில் கொட்டினார்கள், பள்ளத்து மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன, பெண்கள் எழுந்து கூடையைத் தூக்கிக்கொண்டு காலையில் வந்தவர்கள் மாதிரி காய் எடுக்கப் போனார்கள். பொழுது அடைந்து காய் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை எடுத்தார்கள். யாருக்கும் அசதி இல்லை, அதனால் போதும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெத்தணனுக்கும் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்தும் வேலுத்தாய் பேசினாள் அல்லவா, அவனுக்கு அது போதும்.

ஆனால் உடம்பு தேய்ந்தது. தேய்கிறது என்று சொல்ல வேண்டிய அசதி ஏழாவது வளைவிலும் பள்ளத்திலும் கிடந்தது, உடம்பு பாவம் யாரிடம் சொல்லும்? பதினெட்டுப் பேருக்கும் எலும்பு தெரிந்தது, பாவாடை நாடா இரண்டு சுற்று வந்தது, சிரிப்பு மட்டும் குறையவில்லை. ரேஷன் கடையில் விரல் வைக்கிற மிஷின் ஒருத்தி ரேகையையும் எடுக்கவில்லை. சீலமுத்து பெண்களின் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "ஒங்க விரல்ல ஒண்ணும் இல்லயேம்மா" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

பவுனுவுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் வந்தால் உடம்பு படு என்று சொல்லும், மனுஷி படுப்பாள், பிழைப்பாள். பவுனுவிடம் யாரும் படு என்று சொல்லவில்லை. ஐந்து நாள் கொதிக்கிற உடம்போடு காய் எடுத்தாள், வீட்டுக்கு வந்து சைக்கிள் ஓட்டினாள், ஆறாம் நாள் செடிக்கடியில் குந்தியிருந்தவள் அப்படியே முகம் குப்புற விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பதினாலு நாள் கிடந்து பிழைத்து வந்தபோது பாதிப் பவுனுதான் வந்தது. வெட்டுப்பட்ட மரம்கூட விழுவதற்கு முன்னால் கொஞ்சம் முனகுமே, இவள் முனகவில்லையே என்று வேலுத்தாய் அன்றைக்கு அடுப்பு முன்னால் உட்கார்ந்து சொன்னாள்.

"மாமா, அந்தச் சேம்பரை அடைச்சுரு."

"என்ன வேலு இப்படிச் சொல்ற? அடைச்சா பழையபடி விழுந்து கெடப்பீக."

"கெடக்கணும். விழுந்தாத்தான் விசில் ஊதுவான். எங்க அசதிக்குப் பயந்துதான் அவன் நாலு மணிக்கு விட்டுக்கிட்டு இருந்தான், இல்லாட்டி அவன் என்ன நல்லவனா?"

பெத்தணனுக்கு அவள் சொன்னது புரிந்தது. புரிந்ததுதான் அவனுக்கு வேதனை. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்பார்கள், அவனுக்கோ எருதும் நொண்டியும் ஒரே பெண்டாட்டியாக எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அடைத்தால் அவள் பேச்சு போய்விடும். அடைக்காவிட்டால் அவளே போய்விடுவாள். இரண்டாவதை அவன் நினைத்துப் பார்க்கவே மறுத்தான்.

"அந்த மாடலுக்கு இப்ப பேக்கிங் வரலயாம். மதுரைக்குச் சொல்லிருக்கு" என்று பொய் சொன்னான். அடுத்த வாரம், மதுரையிலும் இல்லையாம் என்றான். அதற்கடுத்த வாரம், கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும் என்றான். ஒவ்வொரு பொய்க்கும் அவனுக்கு ஒரு வாரத்துப் பேச்சு கிடைத்தது. ஐந்தாவது வாரம் வேலுத்தாய் மலைக்குப் போகாமல் பஸ்ஸேறி டவுனுக்குப் போனாள், திரும்பி வரும்போது கக்கத்தில் ஒரு சுருள் இருந்தது. கார்க் சீட்டு. எந்தப் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கிற சாதாரணச் சாமான், வண்டி எந்த மாடலாக இருந்தால் என்ன, வேண்டிய வடிவத்துக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று கடைக்காரரே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"கெடைச்சிருச்சு மாமா" என்றாள். சுருளை அவன் மடியில் வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சவரிமுத்து வந்தார். இந்த முறை முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் உறை, தூக்கம் வராமலிருக்க வாயில் ஒரு பச்சைமிளகாய். சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்து, ஜாக்கி கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கினார்கள், சேம்பருக்கும் முன் அச்சுக்கும் நடுவில் தொட்டி நழுவி வெளியே வரும் அளவுக்கு இடம் வேண்டும். அடிப்போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்தார்கள், முதலில் அசதி இறங்கியது, அதைத் தனியாகப் பிடித்து மண்ணில் புதைத்தார்கள், பிறகு ஆயில் வந்தது. ஓரத்துப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசி இரண்டை விட்டுவைத்து, தொட்டியை மெல்ல அசைத்து, அந்த இரண்டையும் கழற்றி இறக்கினார்கள். பதினெட்டுத் துணியும் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே தோலாக வந்தது. வந்து நின்ற பெண்கள் ஓரத்துச் சாயத்தை வைத்து, இது என்னோடது, இது ஒன்னோடது என்று அடையாளம் சொன்னார்கள், யாரும் அதைத் தொடவில்லை.

சவரிமுத்து மேலே எஞ்சின் விளிம்பைத் தகட்டால் சுரண்டிச் சுத்தம் செய்தார். பெத்தணன் சேம்பரைக் கவிழ்த்து, ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் இழுத்து முறுக்கியதில் பிதுங்கிப்போயிருந்த இரும்பைச் சின்னச் சுத்தியலால் தட்டிச் சமம் செய்தான், பிறகு கார்க் சீட்டை விளிம்பின்மேல் விரித்து ஓரம் ஓரமாகத் தட்டி, தடம் விழுந்த இடத்தில் வெட்டி எடுத்தான். பசை தடவி, பொருத்தி, தூக்கிப் பிடித்து, போல்ட்டுகளை முதலில் கையாலேயே மாட்டினார்கள்.

"நடுவுல இருந்து ஓரத்துக்கு. ஒண்ணு இங்கிட்டு, ஒண்ணு அங்கிட்டு" என்றார் சவரிமுத்து, மிளகாய் எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வழிய. "மூச்சுப் புடிச்சு முறுக்குனீன்னா கார்க்கு நசுங்கிப் பிதுங்கிரும், மறுபடி ஒழுகும். வெரல் கணக்குல முறுக்கணும். எனக்குக் கண்ணக் கட்டுது, மிச்சத்த நீ பாரு." அவர் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

வண்டிக்கு அடியில் பெத்தணன் மல்லாக்கப் படுத்திருந்தான், பக்கத்தில் வேலுத்தாய் படுத்து அவன் கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டே வந்தவனுக்குக் கடைசிப் போல்ட்டில் கை நின்றது. இந்த ஒன்றை ஒரு சுற்று விட்டு வைத்தால் யாருக்குத் தெரியும்? ஒரு நாளைக்கு ஒரு சொட்டு. பதினெட்டுப் பேருக்கு வேண்டாம், ஒருத்திக்குப் போதும். ராத்திரிச் சோற்றுக்கும் பாய்க்கும் நடுவில் நாலு வார்த்தை பேசுகிற அளவுக்கு ஒரு சொட்டு. அவ்வளவு ஆசைகூட ஒரு மனுஷனுக்கு இருக்கக்கூடாதா என்று அவனுக்கு அழுகை வந்தது.

"வாசரைக் குடு" என்றான்.

வேலுத்தாய் எடுத்தாள். அது அவள் விரலிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை, வெறும் விரலை அவன் பக்கம் நீட்டிக்கொண்டு, "இந்தா" என்றாள். அவன் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தான். நகம் பாதிக்கு மேல் இல்லை. நுனியில் தோல் பளிங்கு மாதிரி வழவழவென்று இருந்தது, உள்ளே சிவப்பாக எதுவோ தெரிந்தது, ஒரு கோடு இல்லை. இந்தக் கையை ஆட்டி ஆட்டித்தான் இரண்டு வருஷமாக அவனுக்குத் தவசியின் நடையை நடந்து காட்டினாள், இந்தக் கையைப் பார்க்காமல்தான் அவன் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மண்ணைத் தடவி வாசரை எடுத்து மாட்டி, கடைசிப் போல்ட்டையும் வைத்து, மற்றதை எவ்வளவு முறுக்கினானோ அவ்வளவே முறுக்கினான். ஆயில் ஊற்றி, வண்டியை ஓடவிட்டு, அடியில் ஒரு பழைய பேப்பரை விரித்தார்கள். பெண்கள் எல்லாரும் சுற்றிக் குந்தி அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் ஓடியும் பேப்பர் காய்ந்தே கிடந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் தவசி வழக்கம்போல எஞ்சினைப் போடச் சொன்னான், பெண்கள் வழக்கம்போல ஏறி உட்கார்ந்தார்கள், அரைமணி நேரம் வண்டி அவர்களைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கியது, டப்பாவில் ஒன்றும் விழவில்லை. இறங்கிப் போய்ச் செடிக்கடியில் குந்தினார்கள். மூன்று மணிக்குப் பவுனு கூடையைத் தள்ளிவிட்டு நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு அடுத்தவள். பிறகு அதற்கடுத்தவள். கோஷம் இல்லை, கோரிக்கை இல்லை, கூடிப் பேசி முடிவெடுக்கவுமில்லை. உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான், எழுந்திருக்க முடியவில்லை.

தவசி வயிற்றை முன்னால் விட்டு ஓடி வந்தான், கத்தினான், நாளைக்கு வேறு ஆள் பார்ப்பேன் என்றான். வேலுத்தாய் அண்ணாந்து பார்த்து, "பாரு" என்றாள். அதற்குள் அடுத்த வரிசையில் மற்ற ஜீப்புகளில் வந்த பெண்களும் இவர்களைப் பார்த்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள், அவர்களுக்கு எப்போதும் அசதிதான், உட்காரலாம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. தவசி அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, மூன்றரைக்கு விசிலை எடுத்து ஊதினான்.

இருபத்து நாலு வளைவிலும் வண்டியில் ஒரு சத்தமில்லை. பெத்தணனுக்கும் ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பத் தோள்பட்டை கனத்தது, இரண்டு வருஷமாகத் தன் உடம்பும் தன்னிடம் பேசாமல் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உணர்ந்தான். மந்தைக்கு வந்து வண்டியை நிறுத்தி, எறங்குங்க என்றான். யாரும் இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தான், பதினெட்டுப் பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தியாகச் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள், கண் மூடிய அந்த முகங்களுக்கு இரண்டு வருஷம் கூடியிருந்தது.

வெயில் இன்னும் இருந்தது. டீக்கடையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜீப் இந்த நேரத்துக்கு வந்ததை அவர்கள் பார்த்து ரொம்ப நாளாயிற்று, என்னவோ ஏதோ என்று எழுந்து வந்தார்கள், வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பவுனுவின் புருஷன்தான் முதலில் கையை நீட்டினான். பாதிப் பவுனு என்று நினைத்துத் தூக்கியவன், தூக்க முடியாமல் அவளோடு தரையில் உட்கார்ந்துவிட்டான், இன்னொருவன் காலைப் பிடித்தான். டீக்கடை பெஞ்சு ஒருத்தியைக் கொண்டுபோகப் போயிற்று, கட்டில் ஒன்று வந்தது, மாமியார்க்காரிகள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வழியில் கிடந்ததை ஒதுக்கினார்கள். அவரவர் வீட்டு மனுஷியை அவரவர் தூக்கினார்கள். முன்னெல்லாம் இந்தக் கனத்தை வைத்துக்கொண்டா வந்து உலை வைத்தாள் என்று யாரோ ஒருவன் சொன்னான், தெரு முழுக்க மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

பெத்தணன் கடைசியாக வேலுத்தாயைத் தூக்கினான். அவன் வீடு மேட்டில் இருந்தது, நாற்பது படி. பத்துப் படி ஏறுவதற்குள் சுவரோரம் ஒதுங்கி நின்றான்.

"கனமா இருக்கேனா மாமா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"ரொம்ப."

"எறக்கி விட்றாத."

சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னும் ஒரு வார்த்தை வருமா என்று அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். வரவில்லை. அந்த இரண்டு வார்த்தை அவனுக்குப் போதவில்லை. ஆனாலும் அவன் இறக்கி விடவில்லை, அடுத்த படியில் காலை வைத்தான்.